கழுத்து வரை டீசல்

கழுத்து வரைக்கும் அடிக்கச் சொல்கிறார் இவர், என் வீட்டுக்காரர். குழாயைப் பிடித்திருக்கும் பெண், டீசல் டக்கென்று நின்றதுமே எடுக்கப் போனாள், இவர் விடவில்லை. நுரை அடங்கட்டும் அம்மிணி, இன்னும் கொஞ்சம் எறங்கும் என்று சொல்லிவிட்டு வண்டியின் விலாவைக் கையால் தட்டிக்கொண்டு நிற்கிறார். தட்டினால் டேங்கில் இருக்கும் காற்று வெளியே வந்துவிடுமாம். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டீசல் பிரிவிலேயே ரிட்டயர் ஆன மனுஷன், எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான் என்று பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவர், ஒரு பழைய வண்டியை வாங்குவதற்கு முன்னால் சும்மா விடுவாரா. பெருந்துறையில் கழுத்து வரை நிரப்ப வேண்டும், அவினாசி வரை நிற்காமல் போக வேண்டும், திரும்பி இதே பங்க்குக்கு, இதே பம்புக்கு, இதே மட்டத்தில் வண்டி நிற்கும்படி வர வேண்டும், மறுபடியும் கழுத்து வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் தடவை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் வண்டி குடித்தது. நடுவில் நிற்கக் கூடாது. நின்றுகொண்டு இன்ஜின் சும்மா ஓடினால் மைலேஜ் கெட்டுவிடும். நிற்க மாட்டோம் என்று காலையிலேயே என்னிடம் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார். நான் சரிங்க என்றேன். நேற்று மதியத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதையும் அவர் பார்க்காதது போலத்தான் இருந்தார்.

வண்டி வெள்ளை. முன்பு ஏதோ கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வேன். இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை. இதைக் கேரவன் என்கிறார்கள். கேரவன் என்றால் சினிமா நடிகைகள் உட்கார்ந்து பவுடர் போடுகிற வண்டி என்றுதான் எனக்கு நினைப்பு, இப்போது அதில் ஈரோட்டு வசந்தாமணி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விற்கிறவர் ஆல்வின் என்று ஒரு கோயம்புத்தூர்த் தம்பி. கல்யாணமான புதிதில் அவரும் மனைவியுமாகச் சேர்ந்து செய்த வண்டியாம், கோவா போனார்களாம், இமாசலம் வரை போனார்களாம், குழந்தை பிறந்த பிறகு அந்தப் பெண் போதும் என்று சொல்லிவிட்டாள். காலையில் எல்லாவற்றையும் திறந்து திறந்து காட்டினார். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் பாய், மேலே சூரிய ஒளித் தகடு. கடைசியாகப் பின்மூலையில் பீரோக் கதவு மாதிரி இருந்த ஒன்றைத் திறந்து, இது பாத்ரூம், நாங்க யூஸ் பண்ணதே இல்ல ஆன்ட்டி, குடையும் செருப்பும்தான் போட்டு வெச்சிருந்தோம் என்று சொல்லி உடனே சாத்திவிட்டார். வெள்ளையாக ஒரு பீங்கான் இருந்தது, பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. நான் இன்னொரு தடவை திறக்கச் சொல்லவில்லை. இவரோ அந்தப் பக்கமே திரும்பவில்லை, அந்த நேரத்தில் கீழே குனிந்து சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளச் எப்ப மாத்துனீங்க, டயர் என்ன வயசு, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது என்று கேட்டதையே கேட்டார். ஒன்பதுக்குக் கீழே குடுத்தால் வேண்டாம், என் பென்சன் தாங்காது என்று கறாராகச் சொன்னார். ஊரில் எல்லோரிடமும் ரிட்டயர் ஆயாச்சு, கோயில் கொளம் சுத்தோணும் என்று சொல்லி வைத்திருக்கிறார். என்னிடமும் அதையேதான் சொல்கிறார். இந்த மனுஷன் கோயிலுக்கு வந்தால் வெளியிலேயே செருப்புக்குக் காவல் இருக்கிறவர் என்பது எனக்குத் தெரியாதா.

கிளம்பிவிட்டோம். இவர் ஓட்டுகிறார், ஆல்வின் பக்கத்தில் உட்கார்ந்து வழிகிற வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஏசி போடக் கூடாது என்பது இவருடைய உத்தரவு. நான் பின்னால், அந்தச் சின்னக் கதவுக்கு நேர் எதிரே. முள் அறுபதில் நிற்கிறது, ஒரு இம்மி ஏறவில்லை, இறங்கவில்லை. லாரிகள் நம்மைத் தாண்டிப் போகின்றன, வைக்கோல் ஏற்றிய டெம்போகூடத் தாண்டிப் போகிறது. பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் தடவுகிறார் என்று இங்கிருந்தே தெரிகிறது. மெதுவாகப் போனால் நேரம் ஆகும். நேரம் ஆனால். வேண்டாம், அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் அது காது கொடுத்துக் கேட்டுவிடும். என் வயிற்றை நான் அது என்றுதான் சொல்வேன், வீட்டுக்குள் வந்து தங்கிவிட்ட ஒரு ஆள் மாதிரி, அதற்குக் கோபம் வராமல் நடந்துகொள்ள வேண்டும், அது தூங்குகிற நேரத்தில் சத்தம் போடக் கூடாது. பட்டினி கிடந்தால் ஒன்றும் இருக்காது என்று ஒவ்வொரு தடவையும் நானும் நம்பித்தான் கிளம்புகிறேன். அதற்கு விரதமும் தெரியாது, கிழமையும் தெரியாது. கர்ப்பப்பையில் புற்றுக்கட்டி என்று கோயம்புத்தூரில் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் கரண்டு என்போம். தினமும் போய்ப் படுத்துக்கொள்வேன், மிஷின் சுற்றும், வலிக்காது, எழுந்து இவரோடு பஸ் ஏறி வந்துவிடுவேன். கட்டி கரைந்துவிட்டது. டாக்டர் கைகொடுத்தார், இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். அதன் பிறகு ஒருநாள் சமையல்கட்டில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆரம்பித்தது. கரண்டு பட்டதில் குடலும் கொஞ்சம் வெந்துவிடும், சிலருக்குச் சரியாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். எனக்கு நின்றுவிட்டது. வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில், ஊதுபத்தியைக் கொளுத்தி ஊதி அணைக்கிற நேரம்தான் கிடைக்கும்.

காரில் போ, வழியில் நிறுத்து என்று யாரும் சொல்லலாம். யாரிடமாவது சொல்லியிருந்தால்தானே அவர்கள் சொல்வதற்கு. நாலு வழிச் சாலையில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், ஒதுங்க ஒரு வேலிக்காத்தான் செடி கிடையாது, பங்க்கில் கேட்டால் சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்பார்கள், மேனேஜர் டீ குடிக்கப் போயிருப்பார். ரயிலில் கக்கூஸ் இருக்கிறதே என்றால், இருக்கிறது, உள்ளே ஆளும் இருக்கிறார். அன்றைக்கு அந்தக் கதவை நான் தட்டிய தட்டு இப்போதும் கையில் இருக்கிறது. பட்டுப்புடவை கட்டியிருந்தேன். அரக்கில் மாம்பழ பார்டர், மகள் கலா முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது, அவள் கல்யாணத்துக்கே கட்டிக்கொள்ள வேண்டும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தோம், மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். உள்ளே இருந்தவர் திறக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கதவும் திறக்கவில்லை. வாஷ்பேசின் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள், பிறகு தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திண்டுக்கல்லில் இறங்கினோம். இவர் வெளியே ஓடிப் போய் ஒரு நைட்டி வாங்கிக்கொண்டு வந்தார், ஸ்டேஷன் பாத்ரூம் கதவுக்கு மேலாக நீட்டினார், பூப்போட்ட நைட்டி. அந்தப் புடவையை அங்கேயே விட்டுவிட்டு நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். நீங்களாவது போங்க என்றேன். போகவில்லை. கலாவுக்குப் போன் செய்து, அம்மாவால வர முடியல சாமி, நானும் வரல என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அவள் கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காரணம் என்னவென்றால் மாப்பிள்ளை நம்மாளு இல்லை. இசக்கிராஜா என்று பெயர், துறைமுகத்தில் வேலை, வேற ஆளுங்க. கலா அதை வீட்டில் வந்து சொன்ன அன்றைக்கு அடுப்பில் பால் இருந்தது, அது பொங்கியது, துடைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போகக் கூடாது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, பெற்ற பெண் கல்யாணத்துக்குப் போகாமல் எவள் இருப்பாள். நான் போகவில்லை என்றதும் ஊரே ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டது. இவருடைய பெரியம்மா மகன் வீட்டுக்கு வந்து, வசந்தாமணி, நீ நின்னுட்ட போ, பெத்தவனே மனசு எளகிருவான், நீ படி மிதிக்க மாட்டேன்னுட்டியே என்று சொல்லிவிட்டுக் காபியை இரண்டாம் தம்ளர் வாங்கிக் குடித்தார். கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மானஸ்தி என்றார்கள். நான் அந்த மண்டபத்தில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுத்துச் சொல்ல வேண்டும் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பீ அடங்காது, அதுதான் போகவில்லை என்று முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியுமா. அதற்கு இதுவே மேல் என்று இருந்துவிட்டேன். சாதி பார்க்கிறவள் என்றால் நாலு பேர் கும்பிடுகிறார்கள், இதைச் சொன்னால் நாலு பேர் மூக்கைப் பிடிப்பார்கள், இரண்டில் எது வேண்டும் என்று யாரோ கேட்டது போலவும் நான் கைநீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டது போலவும் ஆகிவிட்டது. தூத்துக்குடிச் சம்பந்தியம்மா, பெரிய எடத்துப் பொம்பள நம்ம வாசலை மிதிப்பாளா என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை. இசக்கிராஜாவிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. கலா மட்டும் பொங்கலுக்குத் தனியாக வருவாள், ஒரு நாள் இருப்பாள், அவர் எப்படியிருக்கார் என்று கேட்க எனக்கு வாய் வராது, அவளும் சொல்ல மாட்டாள்.

விஜயமங்கலம் சுங்கச்சாவடி. நிற்க வேண்டியிருக்கிறது. முன்னால் வரிசை. இவர் வாயில் அடக்கி வைத்த ச்சு என்ற சத்தம் பின்னால் வரை கேட்கிறது, இன்ஜினை அணைத்துவிட்டார், அணைத்ததும் வண்டிக்குள் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் அது விழித்துக்கொண்டது. இடுப்புக்குக் கீழே இடது பக்கம், யாரோ உள்ளிருந்து முழங்கையால் லேசாக இடிக்கிற மாதிரி. இல்லை, இது பசி. பசிதான். காலையில் வெறும் தண்ணீர், அதுவும் அரைத் தம்ளர். கலாவுக்கு இது ஆறாம் மாதம், இந்நேரம் குழந்தை இப்படித்தான் உள்ளிருந்து இடிக்கும், அவளுக்கும் இடது பக்கமாக இருக்குமோ, அவள் என் வயிற்றில் இருந்தபோது இடது பக்கம்தான். போன வாரம் போன் செய்தாள். அடுத்த மாதம் வளைகாப்பு என்றாள். அப்பா மட்டும் வந்து கூப்பிட்டா நான் வரல, பிரசவம் இங்கயே பாத்துக்கறேன், நீ வந்து கூப்புடு, வந்து இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுக் கூப்புடு, அப்பத்தான் வருவேன் என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை, ஆபீசில் பேசுகிற குரலில் சொன்னாள், அந்தக் குரல்தான் எனக்குப் பயம். நான் பார்க்கலாம் கண்ணு என்றேன். பார்க்கலாம் என்றால் என்னம்மா அர்த்தம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து போனில் பழைய வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார். பஸ் டிக்கெட் நானூறு ரூபாயில் முடிகிற ஊருக்கு, ஆயிரக்கணக்கில் டீசல் குடிக்கிற வண்டியைத் தேடுகிற மனுஷனை நான் அப்போதுதான் பார்க்கிறேன். மெனக்கெட்டுத் தேடினார், வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பெயரே கிடையாது. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதோடு சரி.

வரிசை நகர்ந்தது, அவினாசியும் வந்தது, பாலத்துக்கு அடியில் வண்டி திரும்பிவிட்டது. பாதி முடிந்தது என்று மூச்சு விட்டேன், விட்டிருக்கக் கூடாது. முழங்கை இப்போது குத்தாக மாறிவிட்டது. கால் விரல்களை மடக்குகிறேன், கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். முன்னால் ஆல்வின் ஏதோ இமாசலத்துப் பனியைப் பற்றிச் சொல்கிறார். நிறுத்துங்க என்று சொல்லலாம். சொன்னால் இவர் நிறுத்திவிடுவார், அது எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்ல முடியவில்லை. நிறுத்தினால் கணக்குக் கெடும், கணக்குக் கெட்டால் ஒன்பதா எட்டா தெரியாது, தெரியாமல் வாங்க மாட்டார், வாங்காவிட்டால் தூத்துக்குடி இல்லை. ஆனால் நிறுத்தி என்ன செய்வது, வெளியே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ மில்லின் காம்பவுண்டுச் சுவர். எதிரே கதவு இருக்கிறது. கை நீட்டினால் தொடலாம். இதற்காகத்தானே வந்தோம். கிளச்சைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், டீசலை நுரை அடங்க அடங்க அளக்கிறார்கள், யார் எதற்காக இந்த வண்டியை வாங்குகிறோமோ அதை ஒருத்தரும் சோதிக்கவில்லை. ஆனால் முன்னால் ஒரு அந்நிய ஆம்பளை இருக்கிறார். நாலடி தூரம். இடையில் ஒரு திரைகூட இல்லை. சத்தம் கேட்கும். நாற்றம் போகும். நாங்க யூஸ் பண்ணதே இல்ல என்று சொன்ன, குடை வைத்திருந்த இடத்தில், இன்னும் நம்முடையதாகாத வண்டியில். வாணியம்பாடியில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தி ஒரு தடவை பாத்ரூம் கேட்டதற்கே ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். அடக்கிக்கொள், அடக்கிக்கொள், பெருந்துறை வந்துவிடும். திண்டுக்கல்லும் வந்துவிடும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, வண்டி ஆடுகிறது, மஞ்சள் பை கையில் இருக்கிறது, கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கிறது. சத்தம் வந்தது, எவ்வளவோ வந்தது, லாரிச் சத்தம் இருந்தாலும் கேட்டிருக்கும். முன்னால் இமாசலம் நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அந்த ரயில் பெட்டி வந்தது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன பெண் வந்தாள், ஆனால் இந்தத் தடவை நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், புடவை சுத்தமாக இருக்கிறது, ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யாருக்குப் புரியும். பிறகு குழாயைத் திருகினேன். உள்ளே எங்கேயோ மோட்டார் ஒன்று கிர்ரென்று ஓடியது. தண்ணீர் வரவில்லை. மறுபடி திருகினேன், மறுபடி கிர்ர், ஒரு சொட்டு இல்லை. என் பையில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும், எங்கே போனாலும் இருக்கும், அதை வைத்து என்னைச் சுத்தம் செய்துகொண்டேன். பீங்கானுக்கு மிச்சம் இல்லை. மூடியை மூடினேன். மூடினால் மறையுமா. நாற்றத்தோடு சேர்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன், வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, ஜன்னலைத் தள்ளித் திறந்து, வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

யாரும் திரும்பவில்லை. ஆல்வின் தன் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக இறக்கினார், அது காற்றுக்காகத்தான் என்பது போல முகத்தை வெளியே நீட்டினார், நல்ல பிள்ளை. இவர் உள்கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கவில்லை, வெளியே செங்கப்பள்ளிப் பாலம் போகிறது, கரும்பு ஜூஸ் வண்டி போகிறது, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய மோதிரக் கை ஸ்டியரிங்கில் இறுகியிருந்தது மட்டும் தெரிந்தது. கோபமாக இருக்குமோ. அடக்கியிருக்கலாமே என்று இருக்குமோ. கல்யாணம் ஆன புதிதில் நான் அவர் எதிரில் தும்மக்கூட மாட்டேன், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடுவேன், அந்த மனுஷன் எதிரில், அந்நியன் எதிரில், இப்படி. எனக்கு அப்போது கலா மேல்கூட ஆத்திரமாக வந்தது. ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுக் கூப்புடு என்கிறாளே, எனக்குத் தண்ணீர் குடிப்பது எவ்வளவு பயம் என்று இவளுக்கு என்ன தெரியும். தெரியாது. யார் சொன்னோம் தெரிவதற்கு. முள் மறுபடியும் அறுபதில் வந்து நின்றது. அப்படியே பெருந்துறை வந்துவிட்டது.

அதே பங்க், அதே பம்ப். வண்டியை முன்னே பின்னே நகர்த்தி அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். காற்றுக்காக நானும் இறங்கி நிழலில் நின்றேன். அதே பெண் கழுத்து வரை நிரப்பினாள், இந்தத் தடவை சொல்லாமலே நுரை அடங்கும் வரை நின்றாள். ஆல்வின் போனிலேயே வகுத்துப் பார்த்துவிட்டு, லிட்டருக்குப் பத்து நெருங்கி வருது சார், நான் சொன்னதைவிட அதிகம் என்று சிரித்தார். இவர் அந்தப் போனைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“மணி, உள்ள தண்ணி வந்துச்சா?”

ஆல்வின் நிற்கிறார். குழாயைப் பிடித்த பெண் நிற்கிறாள். கேட்டே விட்டார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுகூடக் கேட்காததை, டீசல் பங்க்கில், பட்டப்பகலில்.

“வரலீங்க.”

ஆல்வினுக்கு முகம் மாறிவிட்டது. நேற்றுத்தான் தண்ணீர் டேங்கைக் காலி செய்தாராம், நூறு லிட்டர் எடை, அது இருந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கிக் காட்டுமாம். இதுவரைக்கும் பார்க்க வந்த அத்தனை பேரும் மைலேஜ் மட்டும்தான் கேட்டார்கள், தண்ணி இருக்கிறதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை சார் என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. இவரும் கேட்கவில்லைதானே. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், குரலை உயர்த்தவில்லை.

“எட்டு குடுத்தாலும் எனக்குப் போதுமுங்க தம்பி. எம் சம்சாரத்துக்கு வயித்துல கரண்டு வெச்சதுல கொடலு வெந்து போச்சு. அவளால அடக்க முடியாது. கக்கூஸுக்காகத்தான் இந்த வண்டியே. நானும் டீசலையே பாத்துட்டு, தண்ணியில்லாத எடத்துக்குள்ள அவள அனுப்பிட்டன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், ஏதோ நடக்கப் போகிறது என்று நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அந்தப் பெண், அக்கா, காத்து அடிக்கற எடத்துக்குப் பின்னால கொழாய் இருக்குது, ஓஸும் அங்கயே கெடக்கும் என்றாள், சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். ஆல்வின் செருப்பு ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓஸை இழுத்து வந்து வண்டியின் பின்பக்கம் மாட்டினார், மாட்டிவிட்டு, சாரி ஆன்ட்டி, உள்ள நான் கழுவி விட்டுடறேன், நீங்க வராதீங்க என்றார். வேண்டாம் தம்பி என்று நான் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார், இவரும் பேண்டை மடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். இரண்டு ஆம்பளைகள் என் மலத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், வெயில் அடிக்கிறது, பஸ் போகிறது, ஒரு ஆள் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறார். இவ்வளவுதானா. இதைச் சொல்ல மாட்டாமலா மூன்று வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பங்க்கில் போன் பேசக் கூடாது என்று போர்டு இருக்கிறது, ரோட்டோரம் வரை நடந்து போய்க் கலாவைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தாள். சொல்லு என்றாள், அதே ஆபீஸ் குரல். உன் கல்யாணத்துக்கு நான் கிளம்பினேன் கண்ணு என்று ஆரம்பித்தேன், திண்டுக்கல் வரைக்கும் வந்தேன் என்றேன், அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன் என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ரயில் கதவு, நைட்டி, கரண்டு, இன்றைக்கு இந்த வண்டி, தண்ணீர் வராதது, எல்லாவற்றையும் ரோட்டோரம் நின்று சொல்லி முடித்தேன்.

“அவரப் புடிக்கலைன்னுல்லம்மா நான் நெனச்சுட்டிருக்கறேன்.”

“ஊரே அப்படித்தான் நெனச்சுது கண்ணு. நானும் சரின்னு உட்டுட்டன்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லம்மா என்று சொல்வாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“அவரும் அப்படித்தான் நெனச்சுட்டிருக்காரு. தெனமும் இந்த வீட்டுல அந்த நெனப்போடதான் சாப்புடறாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது. நீயே சொல்லு.”

இரு கண்ணு என்றேன். அவள் இருக்கவில்லை. போன் கை மாறுகிற சத்தம், நாற்காலி தள்ளுகிற சத்தம், அம்மா பேசறாங்க என்று அவள் சொல்வது, எந்த அம்மா என்று ஒரு ஆண்குரல் கேட்பது. பிறகு அந்தக் குரல் அருகே வந்தது, தொண்டையைச் செருமியது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அது போய் முடியும் வரை அந்தப் பிள்ளை காத்திருந்தது.

“அத்த, நல்லாருக்கியளா?”

எல்லோரும் கேட்கிறதுதான். மளிகைக்கடைக்காரர் கேட்பார், மண்டபத்தில் கேட்பார்கள், கேட்ட வாய் மூடுவதற்குள் நல்லாருக்கேன் என்று சொல்லிவிடுவேன், அது தானாக வந்துவிடும். இப்போதும் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது. வண்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

“நல்லா இல்லீங்க மாப்பிள்ளை.”